அலமாரிக்குத் துணி அலங்காரம்: கழற்றித் துவைக்கும்படி செய்ய முழு வழிகாட்டி

முதன்முதலில் அலமாரிக்குத் துணி போட நினைத்தபோது, பசையை நேராக மரத்தில் தடவி ஒட்டிவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் தூசி ஏறி நிறம் மங்கியது, ஒரு மூலையில் கறையும் பட்டது. பிய்த்து எடுத்தால் துணியோடு பெயின்ட்டும் உரிந்து வந்தது. அந்தப் பலகையைத் தேய்த்து மறுபடி பெயின்ட் அடிக்க இரண்டு நாள் போனது. அன்றிலிருந்து ஒன்றில் உறுதியாக இருக்கிறேன். அலமாரியில் போடும் துணியைக் கழற்ற முடிய வேண்டும், துவைக்க முடிய வேண்டும், திரும்ப மாட்டவும் முடிய வேண்டும். கீழே சொல்லும் முறைகள் எல்லாம் அந்த எண்ணத்தில் அமைந்தவை.

துணியைத் தேடுவதற்கு முன் அலமாரியைப் பாருங்கள்

ஒரு தட்டில் துணி போட நான்கு இடங்கள் உண்டு: பின்பலகை, தட்டின் மேல்பரப்பு, தட்டின் முன்விளிம்பு, அலமாரியின் முகப்பு. நான்கிலும் ஒரே நேரத்தில் துணி போட்டால் அலமாரி மூச்சுமுட்டிப் போகும். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

எது என்பதை அந்தத் தட்டில் இருக்கும் பொருள்கள்தான் தீர்மானிக்க வேண்டும். தட்டு நிறையப் புத்தகங்கள் இருந்தால் பின்பலகை கண்ணிலேயே படாது. அங்கே துணி போடுவது வீண் வேலை, முன்விளிம்பில் ஒரு தொங்கல் போட்டாலே போதும். நான்கைந்து கிண்ணங்களும் ஒரு பூச்சாடியும் இடைவெளி விட்டு நிற்கும் தட்டு என்றால் பின்பலகைதான் சரியான இடம். பொருள்களுக்குப் பின்னால் ஒரு படம் மாட்டியது போல அழகு கூடும். எவ்வளவு அடுக்கினாலும் ஒழுங்குக்கு வராத தட்டுகளுக்கு முகப்பில் ஒரு திரை. மேல்பரப்பில் துணி விரிப்பதை மட்டும் நான் கடைசியாகத்தான் யோசிப்பேன். பொருளை இழுக்கும்போதெல்லாம் அது சுருண்டுகொள்ளும், அழுக்கும் முதலில் அங்கேதான் சேரும்.

துணி வேண்டாத இடங்களும் உண்டு. அடுப்புக்குப் பக்கத்துத் தட்டு, மெழுகுவர்த்தியோ விளக்கோ ஏற்றி வைக்கும் தட்டு இவற்றில் எந்தத் துணியும் போடக் கூடாது. மோடம், டிவி பெட்டி, ஸ்பீக்கர் போன்றவை இருக்கும் தட்டில் அவற்றின் காற்றுத் துளைகளைத் திரையோ தொங்கலோ மறைக்கக் கூடாது, சூடு வெளியேற வழியில்லாமல் போகும். சுவர் ஈரம் கசிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஈரச் சுவரை ஒட்டிய துணியில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

எந்தத் துணி

அடர்த்தியாக நெய்த பருத்தித் துணிதான் வேலைக்கு எளிது. கத்தரிக்கு ஒத்துழைக்கும், மடித்தால் மடிப்பு நிற்கும், துவைத்தால் தாங்கும். லினனும் கேன்வாஸும் கொஞ்சம் விறைப்பானவை, பின்பலகைக்கு நன்றாக இருக்கும். இழுத்தால் நீளும் பனியன் துணியை விட்டுவிடுங்கள். பலகையில் இழுத்துக் கட்டும்போது கோடுகள் வளைந்து போகும். சாட்டின் போன்ற வழுக்கும் துணியில் சிறு சுருக்கமும் பளிச்சென்று தெரியும். வெல்வெட் அழகுதான், ஆனால் தூசியைப் பிடித்துக்கொண்டு விடாது.

புதுத் துணிதான் வேண்டும் என்பதில்லை. நடுவில் நைந்து ஓரம் நன்றாக இருக்கும் படுக்கை விரிப்பு, போடாமல் வைத்திருக்கும் சட்டை, மிச்சமான திரைத்துணி எல்லாம் உதவும். பலமுறை துவைத்த துணி இனிச் சுருங்கவும் சுருங்காது, சாயமும் விடாது. அந்த வகையில் பழையது ஒரு படி மேல்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். அலமாரியின் உட்புறம் நிழலான இடம். கையில் பார்த்த நிறம் உள்ளே போனதும் ஒரு படி கறுத்துத் தெரியும். ஆழமான அலமாரிக்கு வெளிர் நிறம் வெளிச்சம் தரும். அடர் நீலமும் அடர் பச்சையும் ஆழம் குறைவான, ஜன்னல் எதிரே இருக்கும் அலமாரிக்குப் பொருந்தும். ஆனால் நேர் வெயில் விழும் இடத்தில் அவைதான் சீக்கிரம் வெளுக்கும். துணியின் ஒரு துண்டைத் தட்டுக்குள் சாய்த்து வைத்துவிட்டு, பகலில் ஒரு முறை, இரவு விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள்.

அப்புறம் டிசைன். பல நிறப் புத்தகங்களுக்கும் பொம்மைகளுக்கும் பின்னால் வெற்றுத் துணி வேண்டும், அல்லது ஒரே நிறத்தில் மெல்லிய கோடு. வெள்ளைப் பீங்கான், கண்ணாடி, மரப் பொருள்களுக்குப் பின்னால் தாராளமாகப் பூ போட்ட துணி போடலாம். 35 செ.மீ. உயரத் தட்டில் 40 செ.மீ. பெரிய பூ போட்டால் பூ முழுசாகத் தெரியாது.

முதலில் துவைத்து விடுங்கள்

புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். 100 செ.மீ. துணி 95 ஆகிவிடுவது சாதாரணம். வெட்டித் தைத்த பிறகு சுருங்கினால் அத்தனை வேலையும் வீண். அதனால் வெட்டும் முன்பே, பின்னாளில் எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே ஒரு முறை துவைத்துக் காய வைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள். சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்தால் போதும். வெள்ளையில் நிறம் ஏறினால் தனியாகத் துவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். சாயம் விடும் துணியைப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

பின்பலகைக்குத் துணி

நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான், பலனும் இதில்தான் அதிகம். அலமாரியின் மரத்தைத் தொடாமல், ஒரு அட்டையில் துணியை இழுத்துக் கட்டி, அந்த அட்டையை உள்ளே பொருத்தப் போகிறோம். 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் போர்டோ கெட்டியான அட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிகளின் நெளி அட்டையும் ஆகும், மடிப்புக் கோடு இல்லாத பகுதியாக இருக்க வேண்டும்.

1. அளப்பது. தட்டின் உள் அகலத்தைப் பின்பக்கமாக மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, இருப்பதில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தையும் அப்படியே. அடுத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் தட்டு நேராக இருக்கிறது. 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அளவை நம்பாமல், செய்தித்தாளை உள்ளே வைத்து ஓரங்களை நகத்தால் அழுத்தி ஒரு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

2. அட்டையை வெட்டுவது. துணி சுற்றி வரும்போது அட்டை எல்லாப் பக்கமும் சற்றுப் பெரிதாகும். அதனால் ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். 80 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் உள்ள தட்டுக்கு அட்டை 79.6 × 34.6 செ.மீ. இருக்கும். கெட்டித் துணி என்றால் 3 மி.மீ. விடுங்கள். துணி போடும் முன் வெறும் அட்டையை உள்ளே வைத்துப் பார்த்துவிடுங்கள். இந்த நேரத்தில் திருத்துவது சுலபம்.

3. துணியைக் கணக்கிடுவது. நான்கு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வேண்டும். மேலே சொன்ன அட்டைக்கு ஏறக்குறைய 90 × 45 செ.மீ. துண்டு. இதுபோல் நான்கு தட்டுகள் என்றால், 110 செ.மீ. அகலத் துணியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு துண்டு வெட்ட 180 செ.மீ. ஆகும். சுருங்குவதையும் சேர்த்து 2 மீட்டர் எடுத்தால் சரியாக இருக்கும். ஆனால் பெரிய டிசைன் என்றால் கணக்கு மாறும். டிசைன் 30 செ.மீ.க்கு ஒரு முறை திரும்ப வருகிறது, எல்லாத் தட்டிலும் அது ஒரே இடத்தில் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டும் 60 செ.மீ. தள்ளித்தான் தொடங்க முடியும், கடைசித் துண்டுக்கு மட்டும் 45 போதும். ஆக 225 செ.மீ., சுருக்கத்தோடு 2.5 மீட்டர். டிசைன் துணி எடுத்தவர்கள் பாதியில் துணி போதாமல் நிற்பது இந்த இடத்தில்தான்.

4. இழை பார்த்து வெட்டுவது. துணியின் கரைக்கு இணையாக வெட்டினால்தான் துணி நேராக நிற்கும். சாய்வாக வெட்டினால் இழுக்கும் திசைக்கெல்லாம் நீளும். கட்டம், கோடு போட்ட துணியில் இந்தத் தப்பு தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

5. இழுத்துக் கட்டுவது. துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் விரித்து, நடுவில் அட்டையை வையுங்கள். மேல் ஓரத்தின் நடுவில் துணியை மடித்து அட்டையின் விளிம்பில் ஒரு குண்டூசி, அடுத்து நேர் எதிரே கீழ் ஓரத்தின் நடுவில் ஒன்று. பிறகு இடது நடு, வலது நடு. அங்கிருந்து மூலைகளை நோக்கி எதிரெதிராகவே போக வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் துணி கோணிக்கொள்ளும். தொய்வு போகும் அளவுக்கு இழுத்தால் போதும். அட்டை வளையும் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

6. பின்னால் பிணைப்பது. பலர் இங்கே பசை போடுகிறார்கள். நான் நூல் போடுகிறேன். கெட்டியான நூலை ஊசியில் கோத்து, அட்டையின் பின்பக்கத்தில் மேல் மடிப்பையும் கீழ் மடிப்பையும் ஷூ லேஸ் மாட்டுவது போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக்கொண்டே போங்கள். இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி போதும். ஒரு முனையிலிருந்து மறுமுனை போனதும் நூலை இறுக்கி முடிச்சுப் போட்டு, அடுத்து இடது வலது மடிப்புகளையும் அதேபோல் கட்ட வேண்டும். பூத்தையல் செய்பவர்கள் தங்கள் வேலையைச் சட்டம் போடும் முன் துணியை இப்படித்தான் இழுத்துக் கட்டுவார்கள். துவைக்க வேண்டும்போது நூலை வெட்டினால் துணி முழுசாகக் கையில் வந்துவிடும். பசைக் கறையும் இருக்காது. அவசரம் என்றால் நூலுக்குப் பதில் அகலமான டேப் ஒட்டலாம், ஆனால் வெயில் காலத்தில் அது நழுவும்.

7. மூலைகள். இதை நூல் கோக்கும் முன்பே செய்துவிட வேண்டும். துணியின் மூலையைச் சாய்வாக வெட்டும்போது அட்டையின் முனையிலிருந்து 1 செ.மீ.யாவது துணி விட்டு வெட்டுங்கள். முதலில் அந்தச் சாய்வை அட்டை மேல் மடித்து, பிறகு இரு பக்கங்களையும் மடித்தால் மூலை தட்டையாக, கூர்மையாக அமையும். அங்கே இரண்டு தையல் போட்டால் நிற்கும்.

8. பொருத்துவது. அளவு சரியாக இருந்தால் அட்டை தானாகவே நிற்கும். நிற்காவிட்டால் நான்கு மூலையிலும் சிறு வெல்க்ரோ துண்டு ஒட்டினால் போதும். உள்ளே தள்ளும் முன் கீழ் ஓரத்தின் பின்னால் ஒரு சிறு நாடா வளையம் தைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், இறுக்கமாகப் போன அட்டையை வெளியே எடுக்கக் கத்தி முனையால் நெம்ப வேண்டிவரும். அட்டையின் பின்னால் பென்சிலால் ‘மேலிருந்து 2-வது தட்டு, மேல் பக்கம் இது’ என்று எழுதிவைப்பதும் அவசியம். ஒரே மாதிரித் தெரியும் தட்டுகள்கூட இரண்டு மி.மீ. முன்பின் இருக்கும்.

முன்விளிம்புத் தொங்கல்

தையல் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும் வேலை இது. தட்டின் முன்விளிம்பிலிருந்து கீழே தொங்கும் ஒரு சிறு பட்டை, அவ்வளவுதான். தட்டுகளுக்கு இடையில் 30 செ.மீ. உயரம் இருந்தால் தொங்கல் 6 செ.மீ. இருக்கலாம். அதற்கு மேல் போனால் பொருளை எடுக்கும்போது கையில் தட்டும்.

நேர்ப் பட்டை என்றால் ஓரம் மடித்து அடித்தால் முடிந்தது. பிறை வடிவில் வளைவு வளைவாக வேண்டுமானால் ஒரு கணக்குப் போட வேண்டும். 83 செ.மீ. நீளத் தட்டில் 8 செ.மீ. வளைவு போட்டால் கடைசியில் 3 செ.மீ. துண்டாக நிற்கும். அதனால் வளைவுகளின் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யுங்கள். பத்து வளைவு என்றால் ஒவ்வொன்றும் 8.3 செ.மீ. அந்த அகலத்தில் ஒரு அட்டை மாதிரி வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு துணிப் பட்டைகளை நல்ல பக்கம் உள்ளே வருமாறு சேர்த்து, மாதிரியைப் பார்த்து வளைவுகளை வரைந்து, கோட்டின் மேலேயே தைத்துவிடுங்கள். பிறகு தையலுக்கு வெளியே அரை செ.மீ. விட்டு வெட்டி, வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு சிறு வெட்டுகள் போட வேண்டும். இரண்டு வளைவுகள் சந்திக்கும் குழியில் தையல்வரை நெருங்கி வெட்டாவிட்டால், நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பிய பிறகு அங்கே சுருக்கம் விழும், எவ்வளவு இஸ்திரி போட்டாலும் போகாது.

தொங்கலை மாட்ட வெல்க்ரோவைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. மெத்தென்ற பக்கத்தைத் துணியில் தைத்து, கரகரப்பான பக்கத்தைத் தட்டின் விளிம்பில் ஒட்டுங்கள். மாற்றிப் போட்டால் துவைக்கும்போது கரகரப்பான பக்கம் மற்றத் துணிகளின் இழைகளைப் பிடித்து இழுக்கும். எப்போதோ கழற்ற நினைத்தால் தட்டில் ஒட்டிய பட்டையை ஹேர் டிரையரால் சூடாக்கி மெதுவாக உரிக்கலாம்.

தட்டின் மேல்பரப்பு

இங்கே துணி வேண்டும் என்றால் ஒட்டாமல் விரியுங்கள். நான்கு ஓரமும் அடித்த கெட்டிப் பருத்தித் துணி, அடியில் வழுக்காமல் பிடிக்கும் மெல்லிய ரப்பர் வலை விரிப்பு. கனமான பாத்திரங்கள் நிற்கும் தட்டு, எண்ணெய்ப் பிசுக்கு படும் தட்டு என்றால் துணியைப் போல அச்சிட்ட ரெக்ஸின் விரிப்பு நல்லது. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

வாடகை வீட்டில், அட்டை வைக்க இடமில்லாத தட்டுகளுக்குக் கஞ்சி முறை ஒன்று உண்டு. இரண்டு மேசைக்கரண்டி சோள மாவை (கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கிடைக்கும் வெள்ளை மாவு) அரை கப் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, இரண்டு கப் கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளற வேண்டும். கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள். துடைத்த பலகையில் தூரிகையால் தடவி, துணியைப் பரப்பி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் குமிழ்களைத் தள்ளிக்கொண்டே வந்து, மேலேயும் ஒரு முறை தடவ வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு ஓரங்களை பிளேடால் சீவலாம். எடுக்கும்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்து மூலையிலிருந்து இழுத்தால் உரிந்து வந்துவிடும், பலகையில் மிஞ்சும் கஞ்சியை ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. பெயின்ட் அடித்த பலகை, லேமினேட் பலகை இவற்றுக்குத்தான் இது. பூச்சு இல்லாத மரமும் மரத்தூள் பலகையும் நீரை உறிஞ்சி ஊதிவிடும். அதோடு, கஞ்சி கரப்பானுக்கும் புத்தகம் அரிக்கும் பூச்சிகளுக்கும் பிடித்த தீனி. புத்தகத் தட்டிலும் உணவுப் பொருள் வைக்கும் தட்டிலும் நான் இதைச் செய்ய மாட்டேன்.

முகப்புத் திரை

தட்டின் அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி எடுத்தால் கொசுவம் அழகாக விழும். 80 செ.மீ.க்கு 120 முதல் 160 செ.மீ., பக்க ஓரங்களுக்கு 5 செ.மீ. கூடுதல். மேலே கம்பி நுழையும் மடிப்பு கம்பியைவிடத் தாராளமாக இருக்கட்டும். 1 செ.மீ. கம்பிக்கு 2.5 செ.மீ. மடிப்பு. கீழ் ஓரத்தை 5 செ.மீ. அகலமாக மடித்து அடித்தால் அந்தக் கனத்தில் திரை நேராகத் தொங்கும். தரையைத் தொடாமல் 1 செ.மீ. மேலே நிற்க வேண்டும், தொட்டால் கூட்டும் தூசி எல்லாம் அதில்தான் சேரும்.

ஸ்பிரிங் வைத்து இருபுறமும் அழுத்தி நிற்கும் கம்பி என்றால் ஆணி அடிக்க வேண்டியதில்லை. அகலம் 1 மீட்டரைத் தாண்டினால் நடுவில் தொய்யும், அங்கே ஒரு கொக்கி வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அழுத்தி நிற்கும் கம்பி வேண்டாம். எட்டி இழுத்தால் கம்பியோடு தலையில் விழும். திருகாணி போட்டு மாட்டிய கம்பியே அங்கே பாதுகாப்பு.

துவைப்பதும் மாற்றுவதும்

பின்பலகைத் துணியை வாரம் ஒரு முறை உலர்ந்த மெல்லிய பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டால் வருடத்துக்கு ஒரு சலவை போதும். தொங்கலும் திரையும் கை படும் இடங்கள், அவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. முடிந்தால் தொங்கலை இரண்டு ஜோடியாகத் தைத்து வையுங்கள். ஒன்று துவைக்கப் போகும்போது இன்னொன்று ஏறும். வெயில் படும் அலமாரியில் இரண்டும் மாறி மாறி இருப்பதால் வெளுப்பதும் மெதுவாகும்.

பின்பலகைத் துணியைக் கழற்றும்போது அட்டையையும் கவனியுங்கள். ஈரத்தில் வளைந்திருந்தால் அதன் மேல் கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால் அதையே மாதிரியாக வைத்துப் புது அட்டை வெட்டி, துணியை லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டு, நடுவிலிருந்து மறுபடி குண்டூசி குத்தத் தொடங்குங்கள். முதல் தடவை ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம் பிடித்திருந்தால், மடிப்புத் தடம் ஏற்கெனவே விழுந்திருப்பதால் இந்த முறை பாதி நேரத்தில் முடியும்.